மெமரி கார்டில் வந்த மாமன்

மதுரை செல்லூரில் பத்மாசினியின் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் ஒரு திட்டு வாங்காமல் திரும்பியதில்லை. அவர்கள் சிடியை நீட்டுவார்கள், பென் டிரைவை நீட்டுவார்கள். அவள் அதைக் கையில் வாங்காமலேயே, "பிளேயர் எங்கே?" என்பாள். வீட்டில் இருக்கிறது என்றால் தீர்ந்தது.

"துணிய மட்டும் கொண்டாந்து குடுத்துட்டு சட்டை தையின்னா எப்படித் தைக்கிறது? ஆளக் கொண்டாங்க, அளவெடுக்கணும்."

ஆள் என்று அவள் சொன்னது, அவரவர் வீட்டு டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் டிவிடி பிளேயரை. இது 2008ஆம் வருஷம். செல்போனில் எடுத்த படம், கேமராவில் எடுத்த படம், வெளிநாட்டு மாப்பிள்ளை அனுப்பிய படம் என்று வீட்டுக்கு வீடு படங்கள் வந்து குவிந்தன. கம்ப்யூட்டர் எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிடும். டிவிடி பிளேயர் பத்தியக்காரர். ஒன்றில் படம் ஓடும், சத்தம் வராது. ஒன்றில் சத்தம் வரும், திரை கருப்பாக நிற்கும். இன்னொன்று எதுவும் சொல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்தப் படங்களைப் பிளேயருக்குப் பிடித்த பக்குவத்துக்கு மாற்றிக் கொடுப்பதுதான் பத்மாசினியின் தொழில்.

அவள் திட்டுக்குப் பயந்து, கே.கே. நகர்க்காரர்கள் பிளேயரைப் பூத்துவாலையில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்தார்கள். கோரிப்பாளையத்துப் பாய் ஒருவர் ஒரு படி மேலே போனார். மகளின் நிக்காஹ் வீடியோவில் மாப்பிள்ளைக்கு நெற்றிக்கு மேலே எதுவுமே தெரியவில்லை. தலையில்லாத மாப்பிள்ளை என்று சம்பந்தி வீட்டில் சிரிக்கிறார்களாம். அவர் பிளேயரோடு டிவியையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிட்டார். பத்மாசினிக்கு ஆட்களில் அவரைப்போலப் பிடித்த ஆள் இல்லை.

அவளிடம் ஒரு நானூறு பக்க நோட்டு இருந்தது. எந்தப் பிளேயர் எதைத் தின்னும், எதைக் கக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதைப் பத்திய நோட்டு என்பாள். நோட்டின் முதல் பக்கத்தில் உச்சியில் பிள்ளையார் சுழி. முதல் பக்கத்தில் மட்டுமா, மளிகைச் சீட்டிலும் கேஸ் சிலிண்டர் எண்ணைக் குறித்த காலண்டர் தாளிலும் அவளுக்கு 'உ' போட்டால்தான் பேனா நகரும்.

எண்பத்தெட்டில் கல்யாணமாகி அவள் செல்லூருக்கு வந்தபோது, புருஷன் சௌரிராஜன் தறியை விட்டுவிட்டு வீடியோ கேசட் கடை போட்டிருந்தார். அவருக்குச் சினிமாப் பைத்தியம். எந்தப் படத்தில் எத்தனையாவது நிமிஷத்தில் மழை வரும் என்று சொல்வார். கேசட் ஓடாவிட்டால் மட்டும் மனுஷர் முகம் செத்துவிடும். ஒரு நாள் பூஞ்சை பிடித்த கேசட்டை அவர் குப்பையில் போட, பத்மாசினி அதை எடுத்து ஐந்து திருகாணியைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நாடாவைத் துடைத்து, ஓட வைத்துக் காட்டினாள். "உனக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்று வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் அவர் கேட்டார். "திருகாணியே சொல்லுது, இங்கதான் கழட்டணும்னு" என்றாள். கேசட் போய் சிடி வந்து, சிடியும் போய் எல்லாம் ஃபைல் ஆனபோது, சௌரிராஜன் சந்தோஷமாகக் கல்லாப் பக்கம் ஒதுங்கிக்கொண்டு மானிட்டர் முன்னால் மனைவியை உட்கார வைத்தார். பொண்டாட்டி கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

அந்த வருஷம் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, செல்லத்தாய் என்ற பெண் கடைக்கு வந்தாள். செக்கானூரணி தாண்டி உள்ளே நாலு கிலோமீட்டரில் அவள் ஊர். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மடித்த காகிதம், காகிதத்துக்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு.

"பிளேயர் எங்கே?" என்றாள் பத்மாசினி.

"கொண்டார முடியலக்கா. ஞாயித்துக்கிழமை மக நாகஜோதிக்குக் காது குத்து. பந்தக்கால் ஊன்டியாச்சு. கால் ஊன்டுன வீட்ல இருந்து சாமான் வெளிய போகக்கூடாதுன்டு எங்க பெரிய மாமனார் பேயாண்டி சொல்லிட்டாக. அவுக சொன்னா சொன்னதுதேன்."

பத்மாசினி வழக்கம்போலத் திட்ட வாயெடுத்தாள். செல்லத்தாயின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, "உக்காரும்மா" என்றாள்.

விஷயம் இதுதான். குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். செல்லத்தாய்க்கு ஒரே தம்பி பாண்டியராஜன், கத்தாரில் குழாய் வேலை பார்க்கிறான். பங்குனிக்கு லீவு தருகிறேன் என்ற கம்பெனி கடைசியில் கையை விரித்துவிட்டது. தேதி வைத்தாயிற்று, கிடாய் நேர்ந்தாயிற்று, இனி மாற்ற முடியாது. மாமன் வராவிட்டால் என்ன, மாமன் முறைக்கு ஆளா இல்லை என்று பேயாண்டி ஏற்பாடு செய்துவிட்டார். செல்லத்தாயின் சித்தப்பா மகன் கருத்தக்கண்ணன் மடி கொடுப்பதாகப் பேச்சு. அவனுக்கும் பாண்டியராஜனுக்கும் மூன்று வருஷமாக வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை.

"இன்னைக்கு மடி குடுத்தவன்தேன் நாளைக்கு சடங்குக்கும் கல்யாணத்துக்கும் மாமன்னு நிப்பான். ஏந்தம்பி லீவுல வந்தா விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கணும். பத்து வயசுல இருந்து அவன நான்தேன்க்கா வளத்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூட வேலை பாக்குற ஆள் கிட்ட இதக் குடுத்து விட்டுருக்கான். 'அன்னைக்கு எல்லாரும் பாக்குற மாதிரி டிவியில போடுக்கா, நான் பேசியிருக்கேன்'னான். வீட்ல பொட்டியில போட்டா ஓடல. அவன் மொகத்தப் பாத்தா பெருசுக மனசு மாறாதா?"

பத்மாசினி அந்தக் கார்டைக் கையில் வாங்கினாள். பிளேயரைப் பார்க்காமல் அவள் வாங்கிய முதல் வேலை அது. பிளேயர் முகப்பில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். செல்லத்தாய் விவரமானவள், எழுத்துகளை அப்படியே காலண்டர் தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தாள். நோட்டைப் புரட்டி, அதே ஜாடையுள்ள சீனாப் பிளேயர் ஒன்றின் பக்கத்தைப் பத்மாசினி கண்டுபிடித்தாள். ஆள் இல்லாமல், அண்ணன் அளவை வைத்துத் தம்பிக்குத் தைக்கிற கதைதான். வேறு வழியில்லை.

போன் கேமராவில் எடுத்த நாலேகால் நிமிஷப் படம். செல்போன்காரர்கள் படத்தையும் குரலையும் இடம் அடைக்காமல் சுருட்டி வைக்கிற விதமே வேறு, எந்தப் பிளேயருக்கும் அது செரிக்காது. மாற்றப் போட்டாள். முக்கால்வாசி ஆகும்போது கரண்ட் போனது, இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டாள். சனிக்கிழமை மதியத்துக்கு முடிந்தது. வாயசைவும் குரலும் பொருந்துகிறதா என்று அரை நிமிஷம் பார்த்தாள். மெலிந்த முகம், அடர்ந்த மீசை, "அக்கா, மாமா, எல்லாரும் நல்லாருக்கீகளா" என்றது குரல். அதோடு நிறுத்திவிட்டாள். வாடிக்கைக்காரர் வீட்டுப் படத்தை அரை நிமிஷத்துக்கு மேல் பார்ப்பதில்லை என்பது அவள் கடைப் பழக்கம்.

ஆனால் ஒன்று உறுத்தியது. குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு இரண்டாவது நிமிஷத்துக்கு மேல் தரையோடு தரையாகக் கிடந்தது. படத்தை மறைத்துவிட்டுக் காதில் மட்டும் போட்டுக் கேட்டாள். ஏசி இரைச்சல், ஒரு இருமல், அவ்வளவுதான்.

"போனை அணைக்க மறந்துட்டான் போல. அந்த ரெண்டு நிமிஷத்தை வெட்டிரு, சபையில சும்மா ஓடிட்டிருக்கும்" என்றார் சௌரிராஜன்.

திரையில் வெட்டுவதற்கென்று இருக்கும் கத்தரிப் படம் வரைக்கும் பத்மாசினியின் கை போனது. பிறகு, "அவங்க பொருளு. நமக்கு எதுக்கு" என்று விட்டுவிட்டாள்.

கடையிலிருந்த பிளேயரில் சோதித்தாள், அட்டகாசமாக ஓடியது. எல்லாம் முடிந்த நிறைவில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். கம்ப்யூட்டரில் தமிழில் தட்டுவதற்கு ஒரு மாதமாகத்தான் பழகியிருந்தாள், அந்த ஆசை வேறு. வெறும் '1' என்று இருந்த ஃபைலின் பெயரை அழித்துவிட்டு, 'உ நாகஜோதி காதணி விழா' என்று அழகாகத் தட்டினாள். அதைக் கார்டில் ஏற்றி, யூஎஸ்பியில் சொருகுகிற ரீடரும் சேர்த்து, சாயங்காலம் வந்த செல்லத்தாயிடம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, சொருகுனா ஒன்னுமே இல்லைன்டு வருதுக்கா."

"கழட்டி மறுபடி சொருகிப் பாரும்மா."

"பத்து தடவ பாத்தாச்சு. பெரிய மாமனார் கண்ணன வேட்டி மாத்தச் சொல்லிட்டாக. பதினொன்னரைக்குள்ள குத்தணுமாம்."

பத்மாசினி போனை வைத்தாள். ஆளைப் பார்க்காமல் அளவெடுத்தது தன் தப்பு. இத்தனை வருஷமாக ஊரையெல்லாம் திட்டிவிட்டு, தானே அதைச் செய்திருக்கிறாள். அதே ஃபைலை இன்னும் மூன்று பக்குவத்தில் மாற்றி, ஒரு சிடியில் ஏற்றினாள். சௌரிராஜன் அதற்குள் மொபெட்டை வெளியே எடுத்திருந்தார். "சினிமாலகூட கடைசி ரீல்லதான் எல்லாம் சரியாகும், ஏறு" என்றார். அவள் சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

பந்தலுக்குள் அவர்கள் நுழையும்போது மணி பத்தே முக்கால். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய நாகஜோதி பலூனோடு ஓடிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியையும் தங்கக் கம்பியையும் தட்டில் வைத்துக் காத்திருந்தார். கருத்தக்கண்ணன் புது வேட்டியில் மணைக்குப் பக்கத்தில் நின்றான். கல்யாண மாப்பிள்ளையைவிட அதிகமாகச் சங்கடப்பட்டான்.

பத்மாசினி சிடியைப் போட்டாள். ஒன்றுமில்லை என்றது பிளேயர். கார்டைச் சொருகினாள். அதற்கும் ஒன்றுமில்லை. பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது.

"பொட்டிக்குள்ள இருந்து பேசுறவன் மடி குடுப்பானா? நேரமாவுது தாயி, அதக் கழட்டு" என்றார் பேயாண்டி.

"அஞ்சு நிமிஷம் குடுங்கய்யா" என்று சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பக்குவம் செரிக்காவிட்டால் இன்னொன்றாவது செரிக்க வேண்டும். நாலும் இல்லை என்றால்? செரிக்காமல் கக்குவது வேறு, இலையில் சோறே இல்லை என்பது வேறு. இந்தப் பிளேயர் ஃபைலையே பார்க்கவில்லை. ஒருவேளை வழியில் கார்டே கெட்டுப்போயிருக்குமோ?

"மெமரி கார்டு போடுற போன் யார்கிட்டயாவது இருக்கா?"

பந்தலில் இருந்ததெல்லாம் பேச மட்டும் உதவுகிற போன்கள். கடைசியில் கருத்தக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய போனை எடுத்து, தன் கார்டைக் கழற்றிவிட்டு நீட்டினான். "இதுல பாருங்கக்கா" என்றான். "எனக்கும் அவன் எடத்துல உக்கார ஆசையில்ல, இவங்கதேன் புடிச்சு நிறுத்திட்டாக."

பத்மாசினி கார்டைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். பாண்டியராஜன் எடுத்த பழைய ஃபைல், எண்ணைப் பெயராக வைத்து, நன்றாகத் தெரிந்தது. அதற்குக் கீழே அவள் ஏற்றியது. முதலில் ஒரு சின்னக் கட்டம், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் வரிசையாகக் கட்டம் கட்டமாக ஓடியது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

அந்த முதல் கட்டம் என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் பிள்ளையார் சுழி. தமிழ் தெரியாத போன், எழுத்துக்குப் பதில் கட்டம் போட்டிருக்கிறது. தமிழ் தெரியாத பிளேயர் அந்த மரியாதைகூடச் செய்யாமல், பெயர் படிக்க முடியாத ஃபைலை இல்லவே இல்லை என்கிறது. சிடியில் இருந்த மூன்றுக்கும் அதே தலைப்புத்தான். கடையில் '1' என்று இருந்தபோது சோதித்துவிட்டு, பிறகு ஆசை ஆசையாகப் பெயர் வைத்தது யார்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையாரே குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"சிரிக்கிறியா, அழறியா?" என்று சௌரிராஜன் காதோரம் கேட்டார்.

"ரெண்டும்தான். பேசாம இருங்க."

பெயரை அழிக்கப் போனவள், 'உ'வுக்கான அந்த முதல் கட்டம் மட்டும் மிச்சமிருந்த இடத்தில் நின்றுவிட்டாள். வாழ்நாளில் அவள் பிள்ளையார் சுழியைப் போட்டிருக்கிறாளே தவிர அழித்ததில்லை. மணைக்கு முன்னால் வாழையிலைத் துண்டில் மஞ்சள் பிள்ளையார் அருகம்புல்லோடு இருந்தார். அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'இங்கதான் நேரிலேயே இருக்கீங்களே, அங்க எதுக்கு' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அழித்தாள். '1' என்று போட்டாள்.

கார்டைத் திரும்பப் பிளேயரில் சொருகினாள். நீலத் திரையில் '1' வந்தது. அவள் ரிமோட்டை அமுக்கினாள்.

"அக்கா, மாமா, எல்லாரும் நல்லாருக்கீகளா" என்று பாண்டியராஜன் பேசினான். பந்தல் அடங்கியது. அவனுக்குப் பின்னால் அடுக்குக் கட்டில்களும் காயப்போட்ட சட்டைகளும் தெரிந்தன. லீவு கிடைக்காததைச் சொன்னான். கம்பெனியில் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டதைச் சொன்னான். "பேயாண்டி மாமா, நீங்க சத்தம் போடுவீகன்டு தெரியும். போடுங்க. ஊருக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றபோது கிழவர் செருமிக்கொண்டார்.

பிறகு அவன் எழுந்தான். போனைப் பிடித்திருந்தவன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். பாண்டியராஜன் சிமெண்டுத் தரையில் ஒரு புதுத் துண்டை விரித்து, வேட்டியைச் சரிசெய்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் இன்னொரு துண்டைப் போட்டான்.

"நாகஜோதி, வாத்தா. மாமன் மடியில வந்து உக்காரு. வலிக்காது."

இரண்டு கையையும் குழந்தையைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். அதற்கு மேல் பேசவில்லை. ஏசி இரைந்தது. வெட்டிவிடலாம் என்று தாங்கள் பேசிய இரண்டு நிமிஷம் இதுதான் என்று பத்மாசினிக்கு அப்போதுதான் தெரிந்தது. போனை அணைக்க யாரும் மறக்கவில்லை. காது குத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அவ்வளவு நேரமும் மடி கொடுத்து உட்கார்ந்திருக்கிறான்.

பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீக? மாமன் உக்காந்துட்டான்ல? டிவியக் கீழ எறக்குங்க. புள்ளையத் தூக்கிட்டு வா."

பத்மாசினி படத்தை அவன் மடி விரித்த இடத்துக்குப் பின்னால் ஓட்டி நிறுத்தினாள். கருத்தக்கண்ணனும் இன்னொருவனும் டிவியைத் தூக்கித் தரையில் ஜமுக்காளத்தில் வைத்தார்கள். அதற்கு முன்னால் மணை. செல்லத்தாய் மகளை மணையில் வைத்து, முதுகை டிவிக் கண்ணாடியோடு சாய்த்துப் பிடித்தாள். பத்மாசினி படத்தை ஓட விட்டாள். இந்தப் பக்கம் தோளைச் செல்லத்தாய் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கம் பாண்டியராஜன் கை தெரிந்தது.

வலது காது முடிந்தது. குழந்தை வீறிட்டது. இடது காதுக்குத் தலையைத் திருப்பவே விடவில்லை. பலூன் காட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள். பத்மாசினி திரையின் மூலையில் ஓடுகிற நேரத்தையே பார்த்தாள். நாலு நிமிஷம் ஐந்து நொடி, பத்து நொடி. படம் முடிந்தால் நீலத் திரை வந்துவிடும், மாமன் எழுந்து போய்விடுவான். பதின்மூன்றில், படம் அப்படியே உறைந்து நிற்கிற பொத்தானை அமுக்கினாள். பாண்டியராஜன் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆசாரி இரண்டாவது காதையும் குத்தி, கம்பியை முறுக்கிவிட்டு நிமிர்ந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். டிவிக் கண்ணாடியில், மாமன் நெஞ்சுக்கு நேராக, குழந்தையின் தலைச் சந்தனம் ஒட்டியிருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

பத்மாசினியையும் சௌரிராஜனையும் சாப்பிடாமல் விடவில்லை. அவர்கள் கறி தின்னமாட்டார்கள் என்று தெரிந்ததும், செல்லத்தாய் தனியாகச் சாம்பார் வைத்து, தானே பரிமாறினாள். இரண்டாவது தடவை சோறு போடும்போது இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. கத்தாரில் அது சாப்பாட்டு வேளை. கை சோறாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"யக்கா, நல்லபடியா முடிஞ்சுதா?" பாண்டியராஜனின் குரல் தயங்கியது. "கண்ணன் உக்காந்தானா? உக்காந்தா உக்காந்துட்டுப் போகட்டும், நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன். யாரு மடியில வச்சுக் குத்துனீக?"

செல்லத்தாய் சோற்றுக் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"ஒம் மடியிலதேன்டா. ரெண்டு காதும். வலி தாங்காம ஒம் மேலயே சாஞ்சுக்கிட்டா."